குற்ற உணர்வில்லாத அரை மணி நேரம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி ஒரு செமஸ்டர் என்பது 15 முதல் 18 வாரம். பாடம் நடக்க வேண்டிய நாள்கள் 90. காகிதத்தில் தாராளமாகத்தான் தெரிகிறது. அந்தத் தொண்ணூறு நாளுக்குள் என்னென்ன புகுந்துகொள்கிறது என்று எண்ணத் தொடங்கினால் மூச்சு முட்டும். இன்டர்னல் தேர்வுகள், அசைன்மென்ட், ரெக்கார்டு நோட்டு, லேப் வைவா, மினி புராஜெக்ட், சிம்போசியம், மூன்றாம் ஆண்டைத் தொட்டவர்களுக்கு பிளேஸ்மென்ட் பயிற்சி, இவை எல்லாவற்றுக்கும் மேலாக 75 சதவீத வருகைப்பதிவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறை தியரி பாடங்களில் இன்டர்னலுக்கான பங்கை 20-லிருந்து 40 ஆக உயர்த்தியது. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றையே நம்பி ஒரு பிள்ளையின் தலையெழுத்து இருக்க வேண்டாம் என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் நவம்பரிலும் ஏப்ரலிலும் மொத்தமாக வந்துகொண்டிருந்த பதற்றம், இப்போது வட்டிக்காரன் தவணை கேட்டு வருவதுபோல மாதாமாதம் வாசலில் வந்து நிற்கிறது.

இந்த நெருக்கடியில் இருப்பவரிடம் "சின்னச் சின்ன சந்தோஷங்களை அனுபவிக்கக் கற்றுக்கொள்" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓரியன்டேஷன் மேடையில் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் எழுதுகிறார்கள். சொல்கிறவருக்குச் செலவில்லாத அறிவுரை என்பதால் எனக்கு அதன்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஒரு கிளாஸ் டீ, மொட்டை மாடிக் காற்று, அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா, இவை உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா? அல்லது கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் இருப்பதற்காகப் பிள்ளைகளின் வாயில் வைக்கப்படும் மிட்டாயா?

முதலில் சந்தேகக்காரர்கள் பக்கம் நிற்போம். அவர்களிடம் சரக்கு இருக்கிறது. 1981-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் அவரது சகாக்களும் நடுவயதினர் நூறு பேரிடம் மாதாமாதம் இரண்டு பட்டியல்களை நிரப்பி வாங்கினார்கள். ஒன்றில் அன்றாடத் தொல்லைகள்: பொருள் தொலைவது, விலைவாசி, எடை கூடுவது. இன்னொன்றில் அன்றாட இன்பங்கள்: நண்பர்களோடு நல்லபடியாக இருப்பது, எடுத்த வேலையை முடிப்பது, போதுமான தூக்கம். தொல்லைப் பட்டியல் நன்றாகவே பேசியது. வாழ்க்கையில் விழும் பெரிய அடிகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே யாருக்கு மனநலப் பாதிப்பின் அறிகுறிகள் தென்படும் என்பதைத் துல்லியமாகக் காட்டின. இன்பப் பட்டியல்தான் காலை வாரியது. ஆண்களிடம் இன்பங்களுக்கும் அறிகுறிகளுக்கும் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. பெண்களிடமோ இன்பங்கள் கூடியிருந்த இடத்தில் அறிகுறிகளும் கூடியே இருந்தன. ஆக, சின்ன சந்தோஷங்களை எண்ணிப் பார்த்த இவர்களுக்கு அவை மருந்தாகக் கண்ணில் படவில்லை.

தேர்வுப் பதற்றம் மனதோடு நின்றுவிடுகிற விஷயமும் அல்ல. ஒஹாயோவில் பல் மருத்துவ மாணவர்கள் பதினொரு பேர் ஓர் ஆய்வுக்காகத் தங்கள் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். கோடை விடுமுறையில் ஒரு தடவை, பருவத்தின் முதல் பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் இன்னொரு தடவை. அதே வாய், அதே அளவுக் காயம். தேர்வு நேரத்துக் காயம் ஆற சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. ஏறக்குறைய 40 சதவீதம் தாமதம். பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட தேர்வு நேரத்தில் சீக்கிரம் ஆறவில்லை. 1998-ல் வெளிவந்த இந்த முடிவை, "பரீட்சை என்றாலே இவளுக்கு உடம்புக்கு வந்துவிடும்" என்று வீட்டில் கேலி பேசுவோர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இப்படி உடம்புக்குள் இறங்கிவிட்ட ஒன்றை ஒரு கிளாஸ் டீ என்ன செய்துவிடும் என்று கேட்பதில் தப்பில்லை.

மறுபக்கத்துக்கு வருவோம். 1990-களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சூசன் ஃபோக்மன் என்ற ஆய்வாளர், எய்ட்ஸ் நோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர்களைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட துணைவர்களிடம் நேர்காணல் நடத்திக்கொண்டிருந்தார். கேள்விகள் எல்லாமே கஷ்டங்களைப் பற்றி. கொஞ்ச நாளில் பதில் சொன்னவர்களே முறையிட்டார்கள்: நல்லது எதையும் நீங்கள் கேட்பதே இல்லையே, அதைக் கேட்காமல் நாங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ எல்லா நேர்காணலிலும் ஏதோ ஒரு சின்ன நல்ல நிகழ்ச்சி பதிலாக வந்தது. அதனால் யாருடைய துயரமும் குறைந்துவிடவில்லை. துயரம் ஒரு பக்கம் இருக்க, சந்தோஷம் அதன் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த நாள் எழுந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற தெம்பு அதிலிருந்து வந்தது. லாசரஸின் பட்டியலை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. இன்பத்துக்குத் துன்பத்தைக் கழிக்கும் வேலை இல்லை. ஆளை நிறுத்தி வைக்கிற வேலை இருக்கிறது.

மாணவர்களை வைத்தே நடந்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2019-ல் வெளிவந்தது. 249 மாணவர்களை நான்காகப் பிரித்து, ஒரு பிரிவினரைப் பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொஞ்ச விட்டார்கள். மற்றவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள், அல்லது படங்கள் பார்த்தார்கள், அல்லது தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். பிறகு எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் அளவைப் பார்த்தபோது, கையால் தொட்டவர்களுக்கே அது தெளிவாகக் குறைந்திருந்தது. நம் கல்லூரி கேன்டீன் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு மாணவர்கள் பெயர் வைத்து பிஸ்கட் போடுவதன் பொருள் இதில் ஓரளவு விளங்குகிறது. (2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கல்வி நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. வெறிநாய்க்கடியின் கணக்கைப் பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேன்டீன் நாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, பாவம்.)

ஆராய்ச்சி என்று வந்த எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. தேர்வுக்குப் போகும் முன் பத்து நிமிடம் தன் பயத்தை எழுதித் தீர்த்தால் மதிப்பெண் கூடும் என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்து உலகம் சுற்றியது. 2018-ல் வெளியான பெரிய மறுசோதனை முயற்சி ஒன்றில் அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை. மனசைக் கொட்டி எழுதுவது ஆறுதலாக இருக்கலாம். மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டால்தான் வம்பு.

நம் ஊர் விடுதிகளுக்குப் பொருந்தி வருவது என்று நான் நினைப்பது சபினே சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இருவர் 2007-ல் வகுத்துக் கொடுத்த கணக்கு. வேலைக் களைப்பிலிருந்து ஆள் மீள்வதற்கு நான்கு அனுபவங்கள் உதவுகின்றன என்றார்கள்: வேலையை மனதிலிருந்து இறக்கி வைப்பது, தளர்ந்து இளைப்பாறுவது, வேறு ஏதாவது ஒன்றில் கைதேர்வது, அந்த நேரம் தன் கையில் இருக்கிறது என்று உணர்வது. அலுவலகம் போகிறவர்களை வைத்துச் சொன்னதுதான். ஆனால் அலுவலகத்துக்கு ஆறு மணியோ ஏழு மணியோ ஒரு முடிவு உண்டு. மாணவருக்கு அது கிடையாது. படிக்க வேண்டியது எப்போதும் மிச்சம் இருக்கும். அதனால் நால்வகையில் முதலாவது அவருக்குக் கைகூடுவதே இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் மூன்றாவது யூனிட் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட இருக்கும் ஒருவன் "அரியர் வச்சிருக்கிறவனுக்கு சினிமா ஒரு கேடா" என்று கேட்கத் தேவையே இல்லை. மாணவரே தன்னைக் கேட்டுக்கொள்வார். செமஸ்டர் நெருக்கடியில் சின்ன சந்தோஷங்கள் கிடைக்காமல் போவதற்கு நேரமின்மை காரணம் என்று நான் நம்பவில்லை. நேரம் எப்படியோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கெடுப்பது குற்ற உணர்வு.

கைபேசியில் கழியும் இரவுகளையும் இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. புத்தகத்தை மூடிவிட்டு அரை மணி நேரம் பேட்மின்டன் ஆடப் போகிறேன் என்று எழுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். படிப்பை நிறுத்தினேன் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும். ரீல்ஸுக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை. புத்தகம் திறந்தே இருக்கும், ஹைலைட்டர் கையிலேயே இருக்கும், இன்னும் ஒன்று இன்னும் ஒன்று என்று ஒன்றரை மணி நேரம் போய்விடும். படித்ததாகவும் இல்லை, ஓய்வெடுத்ததாகவும் இல்லை. கைபேசியைத் திட்டுகிற கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. அதே கைபேசியில் பத்து மணிக்கு அம்மாவிடம் பேசுகிறார்கள், இளையராஜா கேட்டுக்கொண்டே ரெக்கார்டு எழுதுகிறார்கள். முடிவு என்று ஒன்று இருக்கிற இன்பம் ஆளை மறுபடி மேசைக்கு அனுப்பிவைக்கிறது. டீ தீர்ந்துவிடும், பாட்டு முடிந்துவிடும், கேமில் 21 பாயின்ட் வந்துவிடும். ரீல்ஸ் தீராது.

விடுதி வாழ்க்கையில் இந்த முடிவுள்ள இன்பங்களுக்குத் தலைமை தாங்குவது எலெக்ட்ரிக் கெட்டில். அநேகமாக எல்லா விடுதிகளிலும் தடை செய்யப்பட்ட பொருள். அநேகமாக எல்லா மாடிகளிலும் ஒன்றாவது இருக்கும். வார்டன் ரவுண்ட்ஸ் வரும்போது அழுக்குத் துணி பக்கெட்டுக்குள் போய்விடும். இரவு பதினொன்றரைக்கு மேல் அது வெளியே வரும். முதலில் தண்ணீர், அது கொதித்ததும் மேகியை நான்காக உடைத்துப் போடுவார்கள். முழுதாகப் போட்டால் உள்ளே இறங்காது, கெட்டிலின் வாய் சிறிது. தண்ணீர் கொதித்ததும் ஸ்விட்ச் தானாக அணைந்துவிடும். ஒருவர் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மசாலா பொங்கி வழிந்தால் பிறகு ஒரு வாரத்துக்கு அதில் கொதிக்கிற வெந்நீர் முழுக்க மேகி வாசனை. தட்டு கிடையாது, டிபன் பாக்ஸ் மூடி தொடங்கி, சோப்பு டப்பா மூடி தவிர மீதி எல்லா மூடிகளும் பாத்திரம். ஆறு பேருக்கு மூன்று பாக்கெட். யாருக்கும் வயிறு நிறையாது. நிறைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. தீ விபத்துக்குப் பயந்துதான் தடை என்பது உண்மை. பழைய வயரிங் உள்ள கட்டடத்தில் அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதிலாக மாடிக்கு ஒரு வெந்நீர்க் குழாய் வைத்துக் கொடுக்கலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் புரியவில்லை.

கெட்டிலைச் சுற்றி நடப்பது சாப்பாடு மட்டுமல்ல. அங்கேதான் நாளைக்கு என்ன பாடம் என்ற பேச்சு வரும். வகுப்பில் புரிந்துகொண்ட ஒருத்தி, புரியாத நான்கு பேருக்கு வராந்தாவில் சாக்பீஸால் தரையில் படம் போட்டு நடத்துவாள். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கிய நோட்ஸ் நடுவில் கிடக்கும். பத்து டூ மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்று கேள்வித்தாளின் அமைப்பே அவர்களுக்கு மனப்பாடம். எது வரும், எது வராது என்று சீனியர்கள் சொன்ன ஜோதிடம் வேறு. இதைப் படிப்பு என்று சொல்வதா, அரட்டை என்று சொல்வதா? ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் காட்டியபடி, படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்கிறவர்களுக்குத்தான் ஒரு வாரம் கழித்தும் பாடம் நிற்கிறது. தரையில் படம் போட்டு நடத்துகிறவள் செய்வது அதைத்தான். குற்ற உணர்வு நுழைய வழியில்லாத சந்தோஷம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த வராந்தா வகுப்பு. சிரிக்கலாம், தின்னலாம், கூடவே யூனிட்டும் முடிகிறது.

தூக்கத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க மாணவர்கள் ஒப்புவதில்லை. அது அவர்களுக்குத் தோல்வியின் அடையாளம். "நைட் அவுட் போட்டேன்" என்று சொல்வதில் இருக்கிற பெருமை, "எட்டு மணி நேரம் தூங்கினேன்" என்று சொல்வதில் இல்லை. படித்தது நினைவில் ஊன்றுவது தூக்கத்தில்தான் என்பதையும், குடித்த காபியின் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதையும் எத்தனை தரம் சொன்னாலும் ஸ்டடி லீவில் யார் காதிலும் ஏறாது. ஆகவே மேலே போகிறேன்.

எல்லோரும் விடுதிவாசிகள் அல்ல. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பெரும் பகுதி ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. டே ஸ்காலர் பிள்ளை விடியுமுன் எழுந்து கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வராந்தா கிடையாது, கெட்டில் கிடையாது, வீட்டுக்குப் போனால் மாடும் தம்பியின் வீட்டுப்பாடமும் காத்திருக்கும். ஜன்னலோர சீட்டும் ஹெட்போனும்தான் அதன் மொத்தச் சொத்து. அரசுக் கலைக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்குக் கதை வேறு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் 5 முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன். இவற்றைக் கல்வித் திட்டங்கள் என்று மட்டுமே பேசுகிறோம். அந்த ஆயிரத்தில் ஒரு பகுதி தோழிகளோடு சாப்பிடும் பானிபூரிக்கும் போகும் என்று தெரிந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டுமே. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைக்கு, யாரிடமும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்க இருபது ரூபாய் இருப்பது சாதாரண விஷயமல்ல. சோனன்டாக் சொன்ன நான்காவது அதுதான்: தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-லிருந்து இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. ஏப்ரல், மே வெயிலில் ஓட்டு வீட்டில் படிக்கிறவருக்கு அங்கே கிடைக்கும் குளிர்ச்சி எந்தத் தியான வகுப்பையும்விட மேல். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இப்படித்தான் நிரம்புகிறது. பக்கத்து மேசையில் முகம் தெரியாத ஒருவர் நமக்கு முன்னாலேயே வந்து, நமக்குப் பின்னாலும் எழாமல் படித்துக்கொண்டிருப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது.

கோயிலுக்குப் போவதையும் நான் இங்கேதான் வைப்பேன். கடலூருக்கு அருகே திருவஹீந்திரபுரத்தில் ஹயக்ரீவர் சன்னிதி, திருவாரூர் மாவட்டம் கூத்தனூரில் சரஸ்வதி, இரண்டுக்கும் தேர்வுக் காலத்தில் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாகக் கூட்டம் வரும். நம்பிக்கை உள்ளவர் சாமி பார்க்கிறார். இல்லாதவரும் நண்பர்களோடு பேருந்து ஏறிப் போகிறார், புளியோதரை சாப்பிடுகிறார், திரும்பும் வழியில் தூங்குகிறார். அரை நாள் படிப்பை விட்டதற்கு வீட்டில் திட்டு விழாத ஒரே வெளியூர்ப் பயணம் அது.

இத்தனையும் சொன்ன பிறகு எல்லைக்கோட்டையும் சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அங்கே டீயைப் பற்றிப் பேசுவது அநாகரிகம். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டவருக்கு, எதிலுமே பிடிப்பில்லாமல் போனவருக்குத் தேவை மருத்துவரும் கூட இருக்கும் ஆளும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன் அனுபவமும் உண்டு. பிளஸ் டூவில் தோற்றவர் ஒரு வருடம் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு, 1986-ல் சென்னையில் தொடங்கிய சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகள் வலியுறுத்தி வந்த ஒன்று. ஒரு தேர்வுத் தேதியை மாற்றியது ஆயிரம் ஆறுதல் சொற்கள் செய்யாததைச் செய்தது என்பது என் கருத்து. 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது முதலமைச்சருக்கு நன்றி சொல்லி அவர்கள் வைத்த பேனர்களைப் பார்த்து நாடே சிரித்தது. சிரிப்புக்குரியவைதான். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் எத்தனை வருட மூச்சுத் திணறல் இருந்தது என்று அப்போது யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஆகவே கேள்வியை மாணவரிடமிருந்து நிர்வாகத்தின் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது. சின்ன சந்தோஷங்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. கல்லூரி வாசலில் டீக்கடை பெஞ்ச் என்று நாம் பாடுகிற பாட்டெல்லாம் பெரும்பாலும் பையன்களின் பாட்டு. பெண்கள் விடுதியில் பல இடங்களில் ஆறரைக்கோ ஏழுக்கோ வாசல் சாத்தப்படுகிறது, மொட்டை மாடிக்குப் பூட்டு. நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்தாலும் விடுதி மாணவிக்கு அது ஆறு மணி நூலகம்தான். டெல்லியில் 2015-ல் பிஞ்ச்ரா தோட் என்ற பெயரில் மாணவிகள் இதற்கு எதிராகவே திரண்டார்கள். இங்கே அப்படியொரு அலை எழவில்லை, புகார் மட்டும் வராந்தாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது, அதை வாசலுக்கு வெளியே பேசலாம். வாசலுக்கு உள்ளே என்ன பதில்? சில விடுதிகளில் ஸ்டடி லீவ் நாள்களில் இரவு பதினொரு மணிக்கு மெஸ் வாசலில் ஓர் அண்டா டீயும் பன்னும் வைக்கிறார்கள். பிள்ளைகள் பனியனும் லுங்கியுமாக டம்ளரோடு வந்து, பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு மேலே போகிறார்கள். செலவு சொற்பம். அந்த அண்டாவை ஆண்கள் விடுதியில் வைத்துவிட்டு, அதே வளாகத்துப் பெண்கள் விடுதியில் ஒன்பதரைக்கு மெஸ் கதவைச் சாத்துவதற்கு இதுவரை எந்த வார்டனும் எனக்குக் காரணம் சொன்னதில்லை.